பொலிசு நிலையத்துக்கு வந்த நோயாளி

மக்கள் பொலிசு நிலையத்தின் படியேறுவதற்குப் பல காரணங்கள் உண்டு. களவு கொடுத்தவர் முறையிடச் செல்வர். காணாமற்போன பிள்ளையைத் தேடுவோர் கண்ணீருடன் செல்வர். வேலி வழக்குக்காரர் இருவரும் ஒருவர் பின் ஒருவராகச் செல்வர். ஆனால், சட்டம் தடைசெய்த நஞ்சை மடியிற் கட்டிக்கொண்டு வந்து, "இதோ இருக்கிறது, இதை விட்டொழிக்க விரும்புகிறேன், என்னால் இயலவில்லை" என்று தாமாகவே சொல்லி உதவி கேட்பதற்காக ஒருவர் அங்கே செல்வது உலக வழக்கில் இல்லாத காரியம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகீழ்க் கரையிலுள்ள குளொஸ்ரர் என்னும் சிறு பட்டினத்தில், 2015ஆம் ஆண்டு ஆனி மாதம் முதலாந் திகதி தொடக்கம் இந்தக் காரியம் நிகழலாயிற்று. அப்படி வந்தவர் விலங்கிடப்படவில்லை. சிறைக் கூட்டுக்கு அனுப்பப்படவுமில்லை. அவருக்கு ஓர் ஆசனம் கொடுக்கப்பட்டது. அவருக்கென வைத்தியசாலையில் ஒரு கட்டில் தேடப்பட்டது.

குளொஸ்ரர் என்பது மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில், பொஸ்ரன் மாநகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவில், அத்திலாந்திக் சமுத்திரத்துள் நீண்டு கிடக்கும் முனையொன்றில் அமைந்த பட்டினம். 1623ஆம் ஆண்டிலே ஆங்கிலக் குடியேறிகள் அங்கு வந்து வலை வீசினர். இன்று அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 30,000 பேர். கடற்கரையூர்களில் வாழும் நேயர்களுக்கு இத்தகைய ஊரின் இயல்பை விரித்துரைக்க வேண்டியதில்லை. கடலுக்குப் போன படகு திரும்பாத இரவில் ஒரு வீடு மட்டுமன்று, ஊரே விழித்திருக்கும். குளொஸ்ரர்த் துறைமுகத்தின் ஓரத்தில், சுக்கானை இறுகப் பற்றியபடி கடலை நோக்கி நிற்கும் மீனவன் ஒருவனின் சிலை 1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதனைச் சூழ்ந்துள்ள தகடுகளிலே, கடலிற் சென்று மீளாத 5,368 மீனவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இறந்தோரைத் தொகையாகச் சொல்லிவிட்டு அமையாமல், பேர்பேராய்க் கல்லிலும் உலோகத்திலும் எழுதி வைக்கும் ஊர் அது. பின்னர் நடந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இதனை நினைவில் வைத்திருத்தல் நன்று.

2015ஆம் ஆண்டு பிறந்து மூன்று மாதங்கள் நிறையுமுன்னரே அவ்வூரில் நால்வர் மாண்டனர். கடல் அவர்களைக் கொள்ளவில்லை. அபின் இனத்தைச் சேர்ந்த போதைப்பொருள் அளவுக்கு மிஞ்சி உடலிற் புகுந்ததால் மூச்சடங்கி இறந்தனர். மாநகரொன்றில் நால்வரின் மரணம் பத்திரிகையின் ஒரு மூலையில் அடங்கிவிடும். 30,000 பேர் வாழும் ஊரில் அது அடங்காது. இறந்தவன் எவருடைய மகன், எந்தப் பாடசாலையிற் படித்தான், எந்தப் படகிலே தொழில் பார்த்தான் என்பன எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அக்காலத்தில் மசாச்சுசெற்ஸ் மாநிலம் முழுவதிலும் இவ்வாறு மடிந்தோர் ஆண்டொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டனர். எல்லா வகைப் போதைப்பொருள்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், 2015ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுவதிலும் மிகையளவால் இறந்தோர் 52,000 பேருக்கு மேல்.

அவ்வூர்ப் பொலிசுத் தலைவராக அப்போது இருந்தவர் லெனாட் கம்பனெல்லோ என்பவர். மென்மையான சீர்திருத்தவாதி என்று அவரைச் சொல்வதற்கில்லை. போதைப்பொருள் வழக்குகளிலே சீருடையின்றித் துப்புத் துலக்கும் பணியில் ஏழாண்டு கழித்தவர். பிடிப்பதும் அடைப்பதும் வெளியே வந்தவனை மறுபடியும் பிடிப்பதுமாகச் சுழலும் சக்கரத்தை நெருங்கி நின்று பார்த்தவர். அந்தப் பங்குனி மாதத்திலே முகநூலில் அவர் ஓர் அறிவித்தல் எழுதினார். நால்வர் இறந்தமை நால்வர் மிகையாக இறந்தமையே என்பது அதன் சாரம். பின்னர் அவர் அடிக்கடி சொல்லிவந்த உவமை ஒன்று உண்டு: புகையிலைப் பழக்கத்தினனை எவரும் கைது செய்வதில்லை, அவனுக்கு நுரையீரலிற் புற்றுநோய் வந்தபின்னும் எந்த வைத்தியசாலையும் கதவடைப்பதில்லை, ஹெரோயின் பழக்கத்தினனுக்கு மட்டும் ஏன் வேறொரு நியாயம்? இக்கேள்வியை ஒரு வைத்தியர் கேட்டிருந்தால் ஊர் வியந்திராது. கேட்டவர் பொலிசுத் தலைவர்.

வைகாசி 4ஆந் திகதி இரண்டாவது அறிவித்தல் வெளிவந்தது. போதைப்பொருளுக்கு அடிமையான எவரும், தம்மிடம் எஞ்சியுள்ள பொருளையும் ஊசி முதலிய கருவிகளையும் கொண்டுவந்து நிலையத்தில் ஒப்படைத்து உதவி கேட்பாராயின், அவர்மீது வழக்குத் தொடரப்படமாட்டாது. மாறாக, அப்பொழுதே அவரைச் சிகிச்சைக்கு அனுப்பும் வழி பார்க்கப்படும் என்று அது கூறியது. வருபவர் தனியே இருந்து அஞ்சாதிருக்கும் பொருட்டு ஊரவருள் ஒரு தொண்டர் அவருக்குத் துணையாய் அமர்வார். அத்தொண்டருக்குத் தேவதூதர் என்று பெயரிட்டனர்; திட்டமும் தேவதூதர் திட்டம் என்றே வழங்கலாயிற்று. மற்றொரு ஏற்பாடும் உடன் செய்யப்பட்டது. மூச்சடங்கிக் கிடப்பவரின் மூக்கினுள்ளே பீச்சினால் சில நிமிடங்களில் மூச்சை மீட்கும் நலொக்சோன் என்னும் மாற்று மருந்தை, வசதியற்றோரும் மருந்துக் கடையிற் பெறக்கூடியதாக்கினர். அதற்கான பணம் போதைப்பொருள் வியாபாரிகளிடமிருந்து பறிமுதல் செய்த பணமே. விற்றவன் காசு விழுந்தவனை எழுப்பப் பயன்பட்டது. அறிவித்தலை இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தனர் என்பர். குளொஸ்ரர் மக்கள் அனைவரும் அறுபது முறை பார்த்தாலும் அவ்வளவு வாராது. தம் வீட்டிலும் இத்துயர் உண்டு என்பதை மறைத்து வாழ்ந்தோர் நாடெங்கும் எத்துணைப் பேர் என்பதற்கு இத்தொகை ஒரு சான்றாகலாம்.

வாக்குறுதி எல்லார்க்கும் வரையறையின்றி அளிக்கப்பட்டதன்று. பிடியாணை நிலுவையில் உள்ளோர், போதைப்பொருள் விற்பனை உட்பட மூன்று முறையோ அதற்கு மேலோ தண்டனை பெற்றோர், பெற்றோரின் சம்மதமின்றி வரும் பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர், துணையிருக்கும் தொண்டருக்கு ஊறு விளைப்பர் என்று அஞ்சத்தக்கோர் ஆகியோர் விலக்கப்பட்டனர். இவ்விதிகளுள் முதலாவது எண்ணிப் பார்க்கற்பாலது. நெடுங்காலம் இப்பழக்கத்திற் கிடந்தவனுக்கு நீதிமன்றத் தவணை தவறியிருத்தல் இயல்பு. தவறினாற் பிடியாணை பிறக்கும். ஆகவே, நோய் முற்றியவனுக்கே கதவு குறுகிவிடுகிறது. நடைமுறையில் இவ்வாறு விலக்கப்பட்டோர் சிலரே என்பது ஆறுதலெனினும், பிடியாணைக்கு அஞ்சி வாராதே நின்றோரை யார் எண்ணினார்கள்?

சட்டம் பயின்றோர் வேறொரு கேள்வியை எழுப்பினர். குற்றமொன்றைக் கண்ட பொலிசுத் தலைவர், "வழக்கில்லை" என்று முன்கூட்டியே சொல்வதற்கு அதிகாரமுடையவரா? அம்மாவட்டத்தின் வழக்குத்தொடுநர், முயற்சியின் நன்னோக்கைப் பாராட்டினாராயினும், அத்தகைய வாக்குறுதி அளிக்கும் அதிகாரம் தலைவருக்கு இல்லையென்று கடிதம் எழுதினார். சட்ட நூலின்படி அவர் கூறியது தவறன்று. எனினும் திட்டம் நிற்கவில்லை. ஒருவரைக் கைது செய்வதா, எச்சரித்து விடுவதா என்பதை அன்றாடம் தெருவில் நிற்கும் காவலரே தீர்மானிக்கின்றனர். அந்தத் தீர்மானத்தை ஒளிவுமறைவின்றி, யாவர்க்கும் ஒரே தன்மையாய், முன்கூட்டியே சொல்லிவைத்தமையே இங்கு புதுமை. ஆனால், எழுத்தில் உறுதி பெறாத அருள் அதிகாரி மாறும்போது மாறிவிடும் என்ற அச்சம் நியாயமானதே.

நோயாளியாகிய ஒருவர் பொலிசு நிலையத்துக்கு ஏன் வரவேண்டியதாயிற்று? வைத்தியரிடம் போயிருக்கலாமன்றோ? இக்கேள்விக்கு விடை தேடுவோர் நூறாண்டுக்கு மேற்பட்ட கதையொன்றைப் புரட்ட வேண்டும். ஹெரோயின், இருள் மூலையில் எவனோ கள்ளமாக வடித்த பொருளன்று. 1898ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பேயர் கம்பனி அதனை இருமல் மருந்தாகக் கடையிலே விற்கத் தொடங்கியது. மருந்தே பிணியாயிற்று. 1914இல் அமெரிக்கா ஹரிசன் சட்டம் என்ற ஒன்றை இயற்றி அபின் இனப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அச்சட்டம் வைத்தியரை விலக்கவில்லை. ஆனால், பழக்கத்தினன் ஒருவன் துன்புறாமல் வாழ்தற்பொருட்டு வைத்தியர் அப்பொருளை எழுதிக் கொடுப்பது மருத்துவமாகாது என்று 1919இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல நகரங்களில் இயங்கிய சிகிச்சை நிலையங்கள் அடுத்த சில ஆண்டுகளுள் மூடப்பட்டன. பழக்கத்தினருக்கு மருந்தளித்த வைத்தியர் பலர் தாமே குற்றவாளிக் கூண்டில் நின்றனர். கற்றறிந்த வைத்தியருலகம் அன்று கைவிட்ட நோயாளியைக் காவலர் கையேற்றனர்; கைவிலங்கொன்றே அவரிடம் இருந்த கருவி. 1962இல் அதே உயர் நீதிமன்றம், போதைக்கு அடிமையாயிருத்தல் என்ற நிலையையே குற்றமாக்கித் தண்டித்தல் கொடுமையாகும் என்று கலிபோர்ணியாச் சட்டமொன்றைத் தள்ளிற்று. நிலை குற்றமன்று என்றாயிற்றே தவிர, பொருளைக் கையில் வைத்திருத்தல் குற்றமாகவே நின்றது. பொருளின்றி அந்நிலை ஏது?

1996ஆம் ஆண்டில் கதை மறுபடியும் கடை வாயிலிலேயே தொடங்கிற்று. ஒக்சிகொன்ரின் என்ற நோவகற்றும் மாத்திரையை பேர்டியூ என்னும் கம்பனி சந்தைக்கு விட்டது. அதிற் பழக்கமாகும் அபாயம் குறைவென்று வைத்தியர்களிடம் சொல்லி விற்றது. முதுகுநோவுக்கும் முறிந்த காலுக்கும் மாத்திரை பெற்றோர் பலர் அதினின்று விடுபட இயலாதோர் ஆயினர். அபாயத்தைக் குறைத்துக் காட்டி விற்றமைக்காக 2007இல் அக்கம்பனி நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆயினும் அதற்குள் பழக்கம் ஊர்தோறும் வேரூன்றிவிட்டது. மாத்திரையை நொறுக்கி உட்கொள்ள முடியாதவாறு 2010இல் மாற்றியமைத்தபோது, பழகிய உடல்கள் அதனிலும் மலிந்த ஹெரோயினைத் தேடின. பின்னர் ஹெரோயினிலும் ஏறத்தாழ ஐம்பது மடங்கு வலிய பென்ரனில் அதனுடன் கலந்து வந்தது. வலையிழுத்துத் தோள் பிசகும் மீனவரும், பாரமேற்றும் கூலியாளரும், கட்டட வேலைக்காரரும் இந்த வழியில் நடந்து சென்றமை வியப்பன்று.

இனி, பொலிசு நிலையம் இவ்விடயத்தில் எதனாற் பயன்பட்டது என்பதைப் பார்க்கலாம். அதன் கதவு இரவும் பகலும் திறந்திருக்கும். அது எங்கே இருக்கிறதென்று ஊரில் யாருக்கும் வழி சொல்ல வேண்டியதில்லை. போதைக்கு அடிமையானவனின் மனம் ஒரு நிலையில் நிற்பதன்று. விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கும் வரும். பெரும்பாலும் அகாலத்தில் வரும். "திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வா" என்ற பதிலைக் கேட்டால், திங்கட்கிழமைக்குள் உடல் நோவெடுத்து, நடுங்கி, குமட்டி, அவனை விற்பவனிடமே மீண்டும் இழுத்துச் சென்றுவிடும். சிகிச்சை நிலையங்களைத் தாமே தொலைபேசியில் அழைத்துக் கட்டில் இல்லையென்ற விடையைப் பலமுறை கேட்டவர்கள் குளொஸ்ரரில் உண்டு. அதே நிலையத்தைச் சீருடைக் காவலர் ஒருவர் அழைத்து, ஒன்று மறுத்தால் அடுத்ததை அழைத்து, விடாது கேட்டுக்கொண்டிருந்தபோது கட்டில் கிடைத்தது. அதிகாரத்தின் குரலுக்குச் செவிசாய்க்கும் வழக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அது நல்ல காரியத்துக்குப் பயன்படுவது மட்டும் எங்கும் குறைவு.

வேறொரு காரணத்தையும் மறத்தலாகாது. மசாச்சுசெற்ஸ் மாநிலம் தன் குடிகள் ஏறக்குறைய அனைவர்க்கும் வைத்தியக் காப்புறுதி கிடைக்க 2006ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்திருந்தது. 2015ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலிருந்து, இத்தகைய நோயாளியைப் பதினான்கு நாள்வரை முன்அனுமதி கேளாமல் உள்ளிருத்திச் சிகிச்சை செய்வதற்கும் காப்புறுதிக் கம்பனிகள் பணம் கொடுக்கவேண்டியதாயிற்று. காவலரின் விடாமுயற்சிக்குப் பின்னே இந்தக் கஜானா இருந்தது. குளொஸ்ரரைப் பார்த்து இதே திட்டத்தை மேற்கொண்ட வேறு மாநில ஊர்கள் சில, கதவைத் திறந்தபின் அனுப்ப இடமின்றித் திகைத்தமைக்கு இதுவே காரணம்.

முதலாண்டின் கணக்கை வைத்திய ஆய்வாளர் சிலர் ஆராய்ந்து 2016ஆம் ஆண்டு மார்கழியில் நாடறிந்த வைத்திய சஞ்சிகையொன்றில் வெளியிட்டனர். 2015 ஆனி முதல் 2016 வைகாசி வரை 376 பேர் நிலையத்துக்கு வந்து உதவி கேட்டனர். தகுதியுடையோராய் வந்தவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட தடவைகளில் நேரடியாகவே சிகிச்சைக்கு இடம் பார்த்துக் கொடுக்கப்பட்டது. வைத்தியசாலைகளிலிருந்து அனுப்பப்படும் இத்தகைய நோயாளரிற் சேர்வோர் தொகை இதனிலும் வெகு குறைவு. பொலிசுத் தலைவரும் ஜோன் ரோசந்தால் என்னும் பொஸ்ரன் வணிகரும் சேர்ந்து, இம்முயற்சியைப் பிற ஊர்களுக்குப் பரப்பும் சங்கமொன்றை 2015இலேயே நிறுவினர். சில ஆண்டுகளுள் பல நூறு பொலிசுத் திணைக்களங்கள் அதிற் சேர்ந்தன.

இவ்வளவோடு நிறுத்தினால் இது இனிய கதை. ஆனால், கட்டில் கிடைத்தது என்பதற்கும் நோய் தீர்ந்தது என்பதற்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. நோயாளிகள் பெரும்பாலும் அனுப்பப்பட்டது நஞ்சு நீக்கும் சிகிச்சைக்கு. பழகிய பொருள் கிடையாதபோது உடல் படும் வேதனையை வைத்தியர் மேற்பார்வையில் சில நாள்களிற் கடத்துவிப்பதே அது. வேதனை நீங்கும், ஏக்கம் நீங்காது. அதனோடு புதிய ஆபத்தொன்றும் சேரும். பழக்கத்திலிருந்தபோது உடலுக்கு ஒரு தாங்குசக்தி ஏற்பட்டிருக்கும். சில நாள் விலகியிருந்தால் அது குன்றிவிடும். வெளியே வந்தவன் பழைய அளவையே மறுபடியும் உட்கொள்வானாயின், முன்பு அவனை மயக்கிய அளவு இப்போது கொன்றுவிடும். ஆகவே, சில நாள் சிகிச்சையின்பின் வேறெந்த ஏற்பாடுமின்றி ஒருவனை வீதியில் விடுதல், கரையை எட்டிய தோணியைக் கட்டாமல் விடுதல் போன்றது.

திட்டத்திற் பங்குபற்றியோருள் ஏறத்தாழ இருநூறு பேரை ஆய்வாளர் பின்னர் தேடிப்பிடித்துப் பேட்டி கண்டனர். அவ்வாராய்ச்சி 2017இல் வெளிவந்தது. பேட்டி கொடுத்தோரில் நூற்றுக்கு 37 பேர், வந்த நாள் முதலாகப் போதைப்பொருளைத் தீண்டவில்லை என்றனர். ஆனால், திட்டத்தின் மூலம் கிடைத்த இடத்துக்குச் சென்றோர்க்கும் செல்லாதோர்க்கும் இடையே இவ்விடயத்தில் வேறுபாடு காணப்படவில்லை. இம்முடிவு திட்டத்தை நேசித்தோருக்குக் கசப்பாயிருந்திருக்கும். நஞ்சு நீக்கியபின் தொடர்ந்து தங்க இடமில்லை, நாள் போதவில்லை என்று முறையிட்டோர் பலர். அதே பேட்டிகளில் மற்றொன்றும் வெளியாயிற்று. பொலிசார் தம்மை இகழாது, மனிதராய் மதித்து நடத்தினர் என்று ஏறக்குறைய எல்லாருமே கூறினர். சிறைக் கதவையன்றி வேறெதையும் காவலரிடம் கண்டிராதோரின் வாக்கு இது.

அப்படியானால் எது நோயைத் தணிக்கும்? இதற்கு விடை அறியப்படாததன்று. 1960ஆம் ஆண்டுகளிலே நியூயோர்க்கில் வின்சென்ற் டோல், மேரி நைஸ்வான்டர் என்னும் வைத்தியர் இருவர், மெதடோன் என்ற மருந்தை நாள்தோறும் அளவோடு கொடுத்தால் ஏக்கம் அடங்கி நோயாளி தொழில் பார்த்து வாழ இயலும் என்று காட்டினர். 2002 முதல் புப்ரெனோர்பின் என்ற மற்றொரு மருந்தும் அந்நாட்டில் அனுமதி பெற்றது. இவற்றைத் தொடர்ந்து உட்கொள்வோரிடையே மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறதென்பது பல நாட்டு ஆய்வுகளின் முடிவு. எனினும், புப்ரெனோர்பினை எழுதிக் கொடுக்க வைத்தியர் தனி அனுமதி பெறவேண்டுமென்ற விதி 2022ஆம் ஆண்டின் இறுதியிலேதான் நீக்கப்பட்டது. நோவகற்றும் மாத்திரையை எழுத அந்தத் தனி அனுமதி ஒருகாலமும் வேண்டியிருக்கவில்லை. நோயை உண்டாக்கிய மருந்துக்கு ஒரு விதி. நோயைத் தணிக்கும் மருந்துக்கு வேறு விதி. ஒரு போதையை நீக்கி இன்னொரு போதையைக் கொடுப்பதா என்ற பழைய ஐயம் காவலர் சிலரிடம் மாத்திரமன்றி, சிகிச்சை நிலையங்கள் சிலவற்றிலும் இன்றும் உண்டு.

நாட்டின் மறுகரையிலே, சியாற்றில் நகரத்தில், வேறொரு முறை இதற்கு முன்னரே தோன்றியிருந்தது. அங்கே 2011ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் தொடக்கம், சிறு அளவிற் போதைப்பொருளுடன் பிடிபட்டோரைச் சிறைப் பதிவேட்டில் எழுதாமல், பொறுப்பாளர் ஒருவரிடம் காவலர் ஒப்படைத்தனர். அப்பொறுப்பாளர் அவருக்கு உறைவிடம், உணவு, வைத்தியம், தொழில் என்று வேண்டியவற்றைத் தேடிக்கொடுப்பார். உடனே பழக்கத்தை விடவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இது தளர்ச்சி என்று குறைகூறியோர் உண்டு. ஆனால், வழமைபோல் வழக்குக்கு உட்பட்டோருடன் ஒப்பிட்டுப் பார்த்த பல்கலைக்கழக ஆய்வு, இவ்வழி சென்றோர் மறுபடியும் கைதாகும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருந்தமையைக் கண்டது. குளொஸ்ரர் தானாக வருபவரை வரவேற்றது. சியாற்றில் வாராதவரைத் தெருவிலே சந்தித்தது. கூரையற்றவனுக்கு முதலில் மருந்தா வேண்டும், கூரையா வேண்டும் என்ற கேள்வியைச் சியாற்றில் துணிந்து கேட்டது.

இவ்விடத்தில் கறுப்பினத்தவர் பலர் எழுப்பிய மனக்குறையொன்றைக் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. 1980ஆம் ஆண்டுகளில் கிராக் எனப்படும் கொக்கெயின் வகை பெருநகரங்களின் ஏழைச் சேரிகளிற் பரவியபோது, அவ்வாறு வீழ்ந்தோருக்குத் தேவதூதர் எவரும் நியமிக்கப்படவில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தூளாயுள்ள கொக்கெயின் 500 கிராமுக்கு என்ன குறைந்தபட்சத் தண்டனையோ, கிராக் 5 கிராமுக்கும் அதே ஐந்தாண்டுச் சிறை. கிராக்கிற்காகச் சிறை சென்றோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். நூற்றுக்கு ஒன்று என்ற அந்த வேறுபாடு 2010இலேதான் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. வெள்ளையர் வாழும் ஊர்களின் பிள்ளைகள் மடியத் தொடங்கியபின்னரே இது நோயென்று புலப்பட்டதா என்று அவர்கள் கேட்பதில் உள்ள வேதனையை எந்தப் புள்ளிவிவரமும் தணிக்காது. குளொஸ்ரரில் நடந்தது நன்று என்பதும், அது முப்பதாண்டு பிந்தியது என்பதும், வேறு முகங்களைக் கண்டே தொடங்கியது என்பதும் ஒருங்கே உண்மை.

பின்வந்த ஆண்டுகளில் மசாச்சுசெற்ஸ் பொலிசார் பலர் நிலையத்திற் காத்திருப்பதோடு அமையாமல், வீடு தேடிச் செல்லலாயினர். பிளிமத் மாவட்டத்தின் 27 ஊர்களும் இதிற் கூடி இயங்குகின்றன. மிகையளவால் மயங்கி, நலொக்சோனால் உயிர் மீண்ட ஒருவரின் வீட்டுக் கதவை, ஓரிரு நாளுக்குள் சீருடையணியாத காவலர் ஒருவரும், தாமே இந்நோயிலிருந்து மீண்ட வழிகாட்டி ஒருவரும் சென்று தட்டுவர். தாயோ மனைவியோ கதவைத் திறப்பாள். பல வேளைகளில் நோயாளி பேச மறுத்தாலும், அவளுடன் பேசி மருந்தைக் கொடுத்துவிட்டு வருவர். இதிலும் ஒரு நெருடல் உண்டு. புறப்படுமுன் அந்நபர்மீது பிடியாணை உண்டோவென்று சில திணைக்களங்கள் பதிவேட்டைப் பார்க்கின்றன. உதவ வரும் கையும் பிடிக்க வரும் கையும் ஒன்றே என்றால், அடுத்த தடவை மயங்கியவனின் தோழன் உதவிக்கு அழைக்கத் தயங்குவானா இல்லையா என்பது வெறும் வாதமன்று. அந்தத் தயக்கத்தின் நீளம் நிமிடங்களால் அளக்கப்படுவது, மூச்சின்றி மூளை தாங்குவதும் சில நிமிடங்களே.

கம்பனெல்லோ 2016ஆம் ஆண்டில் அப்பதவியிலிருந்து நீங்கினார். அதிகாரி மாறினால் அருள் மாறும் என்று அஞ்சியவர்கள் குளொஸ்ரரைக் கவனித்துப் பார்த்தனர். அவர் போனபின்னும் அவ்வூர்ப் பொலிசார் அப்பணியைக் கைவிடவில்லை.

அந்த முதலாண்டுக் கணக்கில் இன்னும் ஓர் எண் உண்டு. வந்தவர்கள் 376 பேர். ஆனால் வந்த தடவைகள் 429. அதாவது, சிகிச்சைக்குப் போய், மறுபடியும் வீழ்ந்து, வெட்கத்தோடும் ஊசியோடும் அதே படிகளில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் ஏறியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் ஆசனம் போடப்பட்டது. காவலர் தொலைபேசியை எடுத்து, கட்டில் உண்டோவென்று மீண்டும் முதலிலிருந்து கேட்கத் தொடங்கினார்.